சுற்றுச்சூழல் பொது அறிவுப் பக்கத்தில் எங்கள் கண்மாய்க்கும் இடம் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காரைக்குடியில் ஒரு பயிற்சி மையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். உங்கள் இதழில் சுற்றுச்சூழல் பொது அறிவுப் பக்கம் வருகிற வாரமெல்லாம் என் மெஷினுக்கு ஓய்வு இல்லை. குரூப் 4 எழுதுகிற பிள்ளைகள் ஆளுக்கொரு பிரதி கேட்பார்கள். அந்த வகையில் உங்கள் புண்ணியத்தில் பிழைக்கிறவள் நான். இருந்தாலும், சென்ற இதழின் ‘தெரியுமா?’ கட்டத்தில் சீமைக் கருவேலத்தைப் பற்றி வந்ததைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த மரத்தின்மேல் எனக்கும் பாசம் கிடையாது. கண்மாயின் உள்வாய் முழுக்க அது அடைத்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள்தான். ஆனால் இல்லாத குற்றத்தைச் சுமத்தினால் இருக்கிற குற்றம் கண்ணில் படாமல் போய்விடும். அது ஆக்சிஜனே தராது, இரவும் பகலும் கரியமில வாயுவைத்தான் விடும் என்று போட்டிருக்கிறீர்கள். பச்சை இலை உள்ள எந்த மரமாவது வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்யாமல் பிழைத்திருக்குமா? எல்லா மரங்களும் இரவு பகல் பாராமல் சுவாசிக்கின்றன. பகலில் அவை சுவாசித்து வெளியேற்றும் கரியமில வாயுவைவிட ஒளிச்சேர்க்கைக்காக இழுத்துக்கொள்வது அதிகம். வேம்புக்கு என்ன கணக்கோ அதே கணக்குதான் இதற்கும். வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருந்த கதை, உங்கள் பக்கத்தில் அச்சேறியதும் மனப்பாடம் செய்யவேண்டிய விடையாகிவிட்டது. எதிர்க்கட்டடத்துப் பிள்ளைகள் அதை மஞ்சள் பேனாவால் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார்கள்.

உண்மையான குற்றச்சாட்டு இதைவிடச் சுவையானது. அமெரிக்கக் கண்டத்து மரமான இது 1877-இல் கடப்பைப் பக்கம் கொண்டுவரப்பட்டது. விறகுக்கும் தரிசை மூடவும் உதவும் என்று நினைத்தார்கள், இரண்டுக்குமே உதவியது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த மரம், நெற்று இனிக்கும், ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். உள்ளே இருக்கும் விதையின் தோல் கெட்டியானது. ஆட்டின் வயிற்றில் அந்தத் தோல் சற்று இளகும், விதை சாகாது. வயலில் கிடை போட்டால் புழுக்கையோடு விதையும் விழும், முளைப்பதற்கு எருவும் கூடவே கிடைத்துவிடும். அரிவாளால் வெட்டினால் தூரிலிருந்து நாலு கிளையாகத் தழைத்து வரும். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்தில் இதை வெட்டிக் கரிமூட்டம் போட்டு அடுப்பெரிக்கும் குடும்பங்கள் எத்தனையோ. ஆக, ‘சீமைக் கருவேலம் எப்படிப் பரவுகிறது?’ என்று நீங்கள் கேட்டிருந்தால் ஒரே கேள்வியில் தாவரவியல், கால்நடை, பிழைப்பு எல்லாம் வந்திருக்கும்.

என் மனத்தாங்கல் இந்த ஒரு கட்டத்தோடு நிற்கவில்லை. உங்கள் பக்கம் ஆண்டையும் பெயரையும்தான் கேட்கிறது. ஈகாலஜி என்ற சொல்லைத் தந்தவர் யார்? எர்ன்ஸ்ட் ஹெக்கல், 1866. சூழ்மண்டலம் என்ற கருத்துக்குப் பெயர் வைத்தவர்? டான்ஸ்லி, 1935. பல்லுயிர்ப் பெருக்க நாள்? மே 22. கேட்கட்டும், தேர்வில் வருகிறது, வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஹாட்ஸ்பாட் விஷயத்தில் மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. இந்தியாவைத் தொடும் ஹாட்ஸ்பாட்கள் நான்கு என்று பட்டியல் போட்டு, அவை ‘உயிரினங்கள் செழித்த இடங்கள்’ என்று விளக்கமும் கொடுத்தீர்கள். அது பாதி விளக்கம். 1988-இல் இந்தக் கருத்தை முன்வைத்தவர் நார்மன் மையர்ஸ். இன்று வழக்கில் இருக்கும் அளவுகோலில் இரண்டு நிபந்தனைகள் உண்டு: வேறெங்கும் இல்லாத தாவர இனங்கள் குறைந்தது 1,500 இருக்க வேண்டும், இயற்கையான பசுமையில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் அழிந்தும் போயிருக்க வேண்டும். அழிவை விட்டுவிட்டுச் செழிப்பை மட்டும் சொன்னால், ஹாட்ஸ்பாட் என்பது ஏதோ விருது போலத் தெரிகிறது.

செட்டிநாடு அந்த நான்கில் எதற்குள்ளும் இல்லை. ஆனால் நான்கில் ஒன்றான இந்தோ-பர்மாவின் ஒரு துண்டு எங்கள் ஊர்த் தெருவெல்லாம் நிற்கிறது. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பெரிய வீடு ஒன்றின் முகப்பில் ஏறி, தூணைத் தடவிப் பாருங்கள், பர்மாத் தேக்கு. கொண்டுவிற்கப் போனவர்கள் கப்பலில் கொண்டுவந்த காடு அது. இதையும் சேர்த்து எழுதினால் அந்த நான்கு பெயர்களை எந்தப் பிள்ளையும் ஆயுசுக்கும் மறக்காது.

அடுத்து ராம்சார், அதாவது உலக அளவில் முக்கியமானவை என்று அறிவிக்கப்பட்ட ஈரநிலங்கள். மாதம் தவறாமல் கேட்கிறீர்கள். பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டுக்குக் கோடியக்கரை ஒன்றுதான் ராம்சார் தளம். 2022-இல் அறிவிப்புகள் வரிசையாக வந்தன, இப்போது நாட்டிலேயே அதிகத் தளங்கள் நம் மாநிலத்தில்தான். ஆகவே பழைய எண்ணிக்கையை அப்படியே மறுபதிப்பு செய்யாதீர்கள். அதே வேகத்தில், 1977-இலேயே பறவைகள் சரணாலயமான வேட்டங்குடியைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள். எங்கள் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரிலிருந்து மதுரை போகிற வழியில்தான் இருக்கிறது. பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இது எல்லாப் பத்திரிகையிலும் ஆண்டுதோறும் வருகிற செய்தி. வராத செய்தி என்ன தெரியுமா? பறவைகள் ஏன் அங்கே வருகின்றன என்பதுதான். கண்மாய்க்குள் நிற்கும் மரங்களைச் சுற்றித் தண்ணீர் கிடந்தால் கீரியும் காட்டுப்பூனையும் கூட்டை எளிதில் நெருங்க முடியாது. மழை பொய்த்துக் கண்மாய் நிரம்பாத வருடம் பறவைகளும் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். வந்த வருடத்தில் எச்சம் தண்ணீரில் கரைந்து, மடை வழியாக வயலுக்கு உரமாகப் போகும்.

அங்கே வருகிற நத்தைகுத்தி நாரையின் அலகை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மூடியிருக்கும்போதும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், பாக்குவெட்டியைப் பாதி மூடிப் பிடித்தது போல. குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் விழும். கண்மாய் நத்தையின் சதையை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்கிற தொழிலுக்கு அமைந்த அலகு என்கிறார்கள். தகவமைப்புக்கு எடுத்துக்காட்டாக நீங்கள் எப்போதும் ஒட்டகத்தையே போடுகிறீர்கள். எங்கள் ஊரில் ஒட்டகம் சர்க்கஸில்தான் வரும்.

மாநில மலர் செங்காந்தள் என்று கேட்ட வாரம், வேலியில் அதைப் பார்த்திருக்கிறாயா என்று கடைக்கு வந்த ஒரு பெண்ணிடம் விசாரித்தேன். படம்தான் பார்த்திருக்கிறாளாம். அவள் ஊர் வேலியில் மழைக்காலத்தில் அது பூத்துக் கிடக்கும். கண்வலிக்கிழங்குப் பூ என்றதும் தெரிந்துகொண்டாள். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலிமுள்ளைப் பிடித்துக்கொள்ளும். இதழ் முதலில் பச்சையும் மஞ்சளுமாக இருந்து பிறகு சிவக்கும். கிழங்கு கொடிய நஞ்சு. அந்த நஞ்சிலிருக்கும் கால்ச்சிசின்தான் கவுட் என்னும் மூட்டு வலிக்கு அளவோடு மருந்தாகிறது. மாட்டுக்கு ஆகாது என்று வேரோடு பிடுங்கி எறிகிற வீடுகளும் இருக்கின்றன, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அந்நிய இனங்கள் என்றால் ஆகாயத்தாமரை ஒன்றையே திரும்பத் திரும்பப் போடுகிறீர்கள். கோடையில் ஊத்தா போட்டு மீன் பிடிக்கிறவர்களிடம் கேளுங்கள், ஜிலேபிக் கெண்டையைக் காட்டுவார்கள். 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன். தாய் முட்டையை வாயிலேயே வைத்துக் காப்பாற்றுவதால் குஞ்சுகள் பிழைத்துவிடுகின்றன.

கோவில் காடுகளையும் சொல்லியாக வேண்டும். அய்யனார் கோவில்களைச் சுற்றி, புரவிகளுக்குப் பின்னால், காயாவும் வீரையும் உலக்கைப் பாலையும் அடர்ந்து நிற்கும் திட்டுகள் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இன்னும் மிச்சமிருக்கின்றன. கோடையிலும் இலை கொட்டி மொட்டையாகாத உலர் பசுமைமாறாக் காடு அது. ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையை ஒட்டிப் பரந்து கிடந்தது. சாமி மரத்தை வெட்டக்கூடாது என்ற பயத்தால் தப்பியது. சுற்றிலும் தைலமரத் தோப்பு வந்த பிறகு, அந்தத் திட்டுகள் முன்பைவிடத் தனியாகத் தெரிகின்றன. உயிரியல் பன்மயச் சட்டம் 2002, தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னை என்பது உங்கள் பக்கத்தின் நிரந்தரக் கேள்வி. அதே சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். ‘உங்கள் ஊராட்சியின் பதிவேட்டில் கோவில் காட்டு மரங்கள் எத்தனை எழுதப்பட்டுள்ளன?’ என்று கேட்டுப் பாருங்கள். நாளைக்குக் கிராம நிர்வாக அலுவலராகப் போகிற பிள்ளைகள்தானே படிக்கிறார்கள்.

சீமைக் கருவேலத் திருத்தத்தை அடுத்த இதழிலேயே, அதே ‘தெரியுமா?’ கட்டத்தில் போடுங்கள். மூலையில் சிறு எழுத்தில் வேண்டாம். எடுத்துப்போன பிள்ளைகளுக்கு அந்தப் பிரதியை நானே காசு வாங்காமல் கொடுத்துவிடுகிறேன். இன்னொரு சின்ன வேண்டுகோள்: விடைகளைத் தலைகீழாக அச்சிடுவதை நிறுத்துங்கள். ஜெராக்ஸ் எடுக்கும்போது அந்த வரிகள்தான் எப்போதும் மங்கிப்போகின்றன, திட்டு எனக்கு விழுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி.