சூல்வலிப்பு எது, கால்கை வலிப்பு எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்ப்பிணிக்கு எந்த வலிப்பு வந்தாலும் அதைக் 'காக்காய் வலிப்பு' (கால்கை வலிப்பு) என்றே செய்திகளில் எழுதிவிடும் வழக்கம் திருத்தப்பட வேண்டும். மருத்துவர்கள் எக்லாம்ப்சியா என்றும் தமிழில் சூல்வலிப்பு என்றும் குறிப்பிடுவது, கர்ப்பகால உயர் ரத்த அழுத்தத்தின் தொடர்ச்சியாக, வேறு காரணம் எதுவுமின்றி ஏற்படும் வலிப்பை மட்டுமே. முன்பே கால்கை வலிப்பு உள்ள பெண்ணுக்குக் கர்ப்பத்தின்போது அதே வலிப்பு வந்தால், இப்பெயர் பொருந்தாது. சிகிச்சையும் வேறு: சூல்வலிப்புக்கு முதல் மருந்து மெக்னீசியம் சல்பேட், வலிப்பு மீண்டும் வராமல் தடுப்பதில் டயசிபாம், பெனிடாயின் ஆகிய வலிப்பு மருந்துகளைவிட அதுவே மேலானது என்பதைப் பல நாடுகளில் நடத்தப்பட்டு 1995-இல் வெளியான ஆய்வு நிறுவியது.

'முன்சூல்வலிப்பு' என்ற சொல்லும் இதேபோல் குழப்பப்படுகிறது. பெயரில் வலிப்பு இருந்தாலும் அந்நிலையில் வலிப்பு வந்திருக்காது. பெரும்பாலும் 20 வாரங்களுக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உயர்ந்து, சிறுநீரில் புரதம் வெளியேறுவதோ கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் பாதிக்கப்படுவதோதான் அது. உரிய கண்காணிப்பு இருந்தால் பெரும்பாலோர் வலிப்புவரை செல்வதில்லை.

கர்ப்பத்தைக் குறிக்கும் 'சூல்' என்ற சொல்லைக் கண்டு, குழந்தை பிறந்ததும் ஆபத்து நீங்கிவிடும் என்று கருதுவோரும் உண்டு (இதுவே ஆகப்பெரிய தவறு என்பேன்). பேற்றுக்குப் பின் முதல் 48 மணி நேரத்திலும், அரிதாகச் சில வாரங்கள் கழித்தும் இவ்வலிப்பு வரலாம். ஆகவே, பிரசவித்த பெண் கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி என்று சொன்னால், உடனே மருத்துவமனையில் ரத்த அழுத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்பதையும் இத்தகைய செய்திகளோடு சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்