‘அழகா இருக்கு’ என்று சொல்லாதவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

நன்றி மடல் என்றால் பெயர் பெயராகச் சொல்லித்தான் பழக்கம். இதில் யார் பெயரும் வராது. சிலர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். சிலருடைய பெயரே எனக்குத் தெரியாது. படிக்கும்போது ‘இது நான்தான்’ என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு நாலு வரி. மதுரையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் நான். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. உள்ளே கொண்டுபோன பிறகு அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அதற்கு அப்புறம் இரண்டு வருடம், ‘தைரியமான பொம்பளை’ என்று ஊரே சொல்கிற மாதிரிதான் இருந்தேன். வாரிசுச் சான்றிதழ், வீட்டுக் கடன், பையனின் காலேஜ் அட்மிஷன், ஒன்றையும் விடவில்லை. 2023 ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம், பத்தாம் வகுப்பில் ‘உறவுகளும் சார்புகளும்’ பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது குரல் நின்றுவிட்டது. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார் காது மூக்கு தொண்டை டாக்டர். வீட்டில் பேச முடிந்தது. வகுப்புக்குள் நுழைந்தால் வராது.

அந்த மாதத்தில் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு 14416-ஐ அழைத்தேன். அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் அது. எதிர்முனையில் தமிழில் பேசியவருக்கு முதல் நன்றி. என் குரல் வரும்வரை, ஒரு ‘ஹலோ’கூடத் திருப்பிச் சொல்லாமல் காத்திருந்தீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று நீங்கள் சொன்னதால்தான் போனேன். மாத்திரை எழுதிக் கொடுத்து, ‘இது தூக்கத்துக்கு உதவும், மத்ததுக்கு நீங்க பேசணும்’ என்று வெளிப்படையாகச் சொன்ன டாக்டருக்கும் நன்றி. படம் வரைந்தே குணமாகிவிட்டேன் என்று யாராவது என்னைப் பற்றிச் சொன்னால் நம்பாதீர்கள். மாத்திரையும் இருந்தது.

சரி, இப்போது ஆலோசகருக்கு வருகிறேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். மனநல ஆலோசனைக்கு ஓவியத்தைக் கருவியாகப் பயன்படுத்தப் பயிற்சி எடுத்தவர். முதல் நாள் மேஜைமேல் ஒரு வெள்ளைத் தாளும் ஒரு டப்பா கிரேயானும் வைத்திருந்தார்.

“எனக்கு வரைய வராதுங்க.”

“வர வேண்டாம் டீச்சர். இது டிராயிங் கிளாஸ் இல்ல.”

நான் கைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்தேன். நாலு வாரம் வெறும் கட்டம்தான் போட்டேன். கோட்டுக்குக் கோடு சரியாக ஒரு சென்டிமீட்டர். வேறு யாராக இருந்தாலும் ‘கொஞ்சம் ஃப்ரீயா வரையுங்களேன்’ என்று ஆரம்பித்திருப்பார்கள். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒவ்வொரு தாளின் மூலையிலும் என் பெயரையும் தேதியையும் எழுதச் சொல்வார், அவ்வளவுதான்.

ஏன் கிரேயான், ஏன் பென்சில், வாட்டர் கலர் தரக் கூடாதா என்று ஒரு நாள் கேட்டேன். பென்சில் நாம் சொன்னபடி கேட்கும், வாட்டர் கலர் கேட்காது என்றார். தண்ணீர் அது பாட்டுக்கு ஓடும். இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறவர் கையில் முதல் நாளே அதைக் கொடுத்தால், சிலருக்கு அடைத்து வைத்ததெல்லாம் ஒரேயடியாக உடைத்துக்கொண்டு வந்துவிடுமாம். அதைத் தாங்க அவருக்கும் தெம்பு வேண்டும், கூட இருப்பவருக்கும் வேண்டும். எனக்கு அது பாடத்திட்டம் மாதிரி பட்டது. எது முன்னால், எது பின்னால் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அன்றைக்குத்தான் இந்தப் பெண்ணை நம்பலாம் என்று தோன்றியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாலாவது வாரக் கட்டங்கள் எல்லாம் கறுப்பு. இதற்கு ஏதாவது அர்த்தம் சொல்வார் என்று பயந்துகொண்டே இருந்தேன். கடைசியில் நானே வாய்விட்டுக் கேட்டேன். “அந்த டப்பாவுல கறுப்புக்கு மட்டும்தான் முனை இருந்துச்சு டீச்சர்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறுப்பு என்றால் துக்கம், சிவப்பு என்றால் கோபம் என்று கிளி ஜோசியம் சொல்லாமல் இருந்ததற்குத் தனியாக ஒரு நன்றி.

ஏழாவது வாரம் அந்த ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையை வரைந்தேன். படமாக வரையவில்லை. வீட்டு பிளான் போடுகிற மாதிரி, மேலிருந்து பார்த்தபடி, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர் என்று அளவு போட்டு வரைந்தேன். பதினாலு நாற்காலி, குடிதண்ணீர் டிரம், லிஃப்ட், அப்புறம் அந்த இரட்டைக் கதவு. அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?”

பிளானில் கதவு திறக்கும் பக்கத்தை ஒரு வளைகோடாகக் காட்ட வேண்டும். நான் போடவில்லை. ஏனென்றால் எனக்குத் தெரியவில்லை. பதினொரு நாள் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தடவை அது திறந்தபோதும் நான் கதவைப் பார்க்கவில்லை, வெளியே வருகிறவர் முகத்தைத்தான் பார்த்தேன். யார் வீட்டுப் பெயரைக் கூப்பிடப் போகிறார்கள் என்று. இதை அவரிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அந்த அறையைப் பற்றி இரண்டு வருடத்தில் ஒருவரிடமும் நான் வாய் திறந்ததில்லை.

அவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பில் சில பிள்ளைகளை எழுப்பிக் கேள்வி கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள். சாக்பீஸைக் கையில் கொடுத்துக் கரும்பலகைக்கு அனுப்பினால், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதும்போது கடகடவென்று விடை சொல்வார்கள். முப்பது முகங்களைப் பார்க்க வேண்டாம், பலகையைப் பார்த்தால் போதும். எனக்கு அந்தத் தாள்தான் பலகை.

அழுகை அந்த அறையில் வரவில்லை. திரும்பும்போது பெரியார் பஸ்ஸில் வந்தது. மகளிர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், மழைக்கு இறக்கியிருந்த ஜன்னல் ஷட்டரைத் தூக்கிவிட்டுப் போனாரே, அந்தக் கண்டக்டருக்கு நன்றி.

என் பையனுக்கு எதையும் தேடிப் பார்க்காமல் தூக்கம் வராது. அம்மா போகிற இடம் சரியானதுதானா என்று கவலைப்பட்டு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினான். 1996-ல் வந்த ஒரு ஆய்வில், பெரிய அதிர்ச்சியைச் சந்தித்த எட்டுப் பேருக்கு அந்தச் சம்பவத்தை நினைவூட்டி மூளையைப் படம் எடுத்திருக்கிறார்கள். பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதியின் செயல்பாடு அப்போது குறைந்திருந்தது. இன்னொன்று, பிலடெல்பியாவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016-ல் வெளியிட்டது. 39 பேரை 45 நிமிடம் வரையவும் களிமண் பிசையவும் விட்டு, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசால் அளந்தார்கள். மனஅழுத்தத்தோடு சம்பந்தப்பட்ட ஹார்மோன் அது. முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. முன்னே வரைந்து பழகியவரா இல்லையா என்பதால் வித்தியாசம் ஏதும் இல்லை.

கணக்கு டீச்சரிடம் இந்த எண்களைக் கொண்டுவந்தால் சும்மா இருப்பேனா? எட்டுப் பேர் எல்லாம் ஒரு கணக்கா என்றேன். 39 பேரில் வரையாமல் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு குழுவும் இல்லையே, எதோடு ஒப்பிட்டார்கள் என்றேன். “அம்மா, உனக்குக் குரல் திரும்பிடுச்சு” என்றான் அவன். ஒரு மணி நேரம் அவனோடு சண்டை போட்டிருக்கிறேன். கண்ணா, உனக்கு நன்றி.

அவன் சொன்னதில் மனசில் ஒட்டிக்கொண்டது ஆய்வுகள் இல்லை, இரண்டு மனிதர்கள். ஒருவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். காசநோய்க்காக சானடோரியத்தில் படுத்திருந்தபோது கண்ணில் பட்ட பொருள்களை வரைந்து நாளை ஓட்டியிருக்கிறார். பக்கத்துப் படுக்கைக்காரர்களையும் வரைய வைத்தார். 1942-ல் ‘கலை சிகிச்சை’ என்ற பெயரை வைத்தவர் அவர்தான். இன்னொருவர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த தெரசின் முகாமில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு நடத்தியவர். கைதி எண்களோடு வாழ்ந்த பிள்ளைகளைத் தாளில் அவரவர் பெயரை எழுதச் சொன்னார். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். அவர் விட்டுப்போன இரண்டு பெட்டிகளில் பிள்ளைகளின் படங்கள் 4,000-க்கும் மேல் இருந்தன. அவரிடம் பிராகாவில் படித்த ஈடித் கிரேமர் அமெரிக்காவுக்குப் போய்க் கலை சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரானார். இதைக் கேட்ட அடுத்த வாரம், தாளின் மூலையில் என் பெயரை எழுதும்போது கை கொஞ்சம் நின்று எழுதியது.

சனிக்கிழமைக் குழுவுக்கு வருகிறேன். ஐந்து மாதம் கழித்து, இன்னும் நாலு பேரோடு உட்கார வைத்தார். அங்கே ஒரே விதி: அடுத்தவர் படத்தை ‘அழகா இருக்கு’ என்று சொல்லக் கூடாது. எனக்கு முதலில் இது திமிராகப் பட்டது. பிறகு ஒரு உறவுக்கார அம்மா வீட்டுக்கு வந்து என் தாள்களைப் பார்த்துவிட்டு, “அட, நல்லா வரையுறியே, பிரேம் போட்டு மாட்டி வையேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த வாரமும் அடுத்த வாரமும் நான் கொய்யா மரத்துக் கிளி வரைந்தேன், பார்க்கிறவர்களுக்காக. இரண்டு வாரம் வீணாய்ப் போனது. விதி ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. என் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பாராட்டாமல், டீ கிளாஸை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்த உங்கள் நாலு பேரையும் மறக்க மாட்டேன். உங்களில் ஒருவர் மூன்றாவது வாரமே ‘இது எனக்குச் சரிப்படலை, நான் நடக்கப் போறேன்’ என்று விலகிவிட்டீர்கள். அதுவும் சரிதான். நீங்கள் இப்போது தினமும் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றுவதாகக் கேள்விப்பட்டேன்.

அப்புறம் களிமண். அதற்கு முன்னால் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்காரரின் சாமான்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் வந்தன. போன், கைக்கடிகாரம், ஒரு துண்டு. மூக்குக் கண்ணாடி இல்லை. அது இல்லாமல் எதிரில் நிற்கிறவர் முகம் அவருக்குத் தெரியாது. மூன்று தடவை போய்க் கேட்டேன். மூன்றாவது தடவை, “இவ்வளவு பெரிய விஷயம் நடந்திருக்கு, கண்ணாடியைக் கேக்குறீங்களே” என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை, அவரும் அன்று எத்தனை பேருக்குப் பதில் சொன்னாரோ. ஆனால் களிமண் கைக்கு வந்ததும் நான் செய்தது அந்தக் கண்ணாடியைத்தான். காதுக் கம்பி நிற்கவே இல்லை. ஆறு தடவை செய்தேன், ஆறு தடவையும் ஒடிந்தது.

ஆலோசகர்தான் விளாச்சேரிக்கு அனுப்பினார். கொலு பொம்மை செய்கிற ஊர். அங்கே ஒரு பெரியவர் என் ஒடிந்த துண்டுகளைப் பார்த்தார். எதற்கு, யாருக்கு என்று கேட்கவில்லை. “இம்புட்டு மெலிசா மண்ணு நிக்காது தாயி. பலகை மாதிரி ஒண்ணு தட்டி, அது மேல படுக்க வச்சுரு” என்றார். அப்படியே செய்தேன். தட்டையான ஓட்டின்மேல் மடக்கி வைத்த கண்ணாடி. அவரே தன் சூளையில் பொம்மைகளோடு சேர்த்துச் சுட்டும் கொடுத்தார். ஒரு ஓரத்தில் கீறல் விட்டிருந்தது. “இன்னொண்ணு செய்றியா?” என்றார். வேண்டாம் ஐயா, இதுவே இருக்கட்டும் என்று வாங்கி வந்தேன். காசு வாங்காத உங்களுக்கு இந்த மடலை யாராவது படித்துக் காட்ட வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு. என் வீட்டுக்காரர் போன பிறகு என் வாசலில் கோலம் நின்றுபோனது. துக்கம் கழிந்த பிறகும் நான் போடவில்லை. நீங்கள் உங்கள் வாசல் தெளிக்கும்போது என் வாசலையும் தெளித்துவிட்டு, கோலம் மட்டும் போடாமல் வெறுமனே விட்டு வைத்தீர்கள், இரண்டரை வருடம். நீங்களே போட்டிருக்கலாம். போடாமல் இடம் விட்டதுக்கு நன்றி. 2024 தை முதல் நாள் நான் சிக்குக் கோலம் போட்டபோது ஒரு புள்ளி தப்பிவிட்டது. பார்த்தீர்கள், சொல்லவில்லை. அதற்கும்.

எங்கள் எச்.எம். அவர்களுக்கு: ஆறு மாதம் எனக்கு வகுப்பு தராமல் டைம்டேபிள் வேலை மட்டும் கொடுத்து, அதற்கு யாரிடமும் காரணம் சொல்லாமல் இருந்தீர்கள். இப்போது மறுபடி பத்தாம் வகுப்பு எடுக்கிறேன். குரல் சில நாள் கம்மும். கம்மினால் சாக்பீஸை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறேன்.

மொத்தம் 34 அமர்வு. கடைசி நாள் ஆலோசகர் என் தாள்கள் அத்தனையையும் தேதிவாரியாகக் கட்டி, ‘இது உங்களுது’ என்று கையில் கொடுத்தார். காத்திருப்பு அறை பிளானும் அதில் இருக்கிறது. அதில் கதவுக்கு வளைகோடு இன்னும் போடவில்லை.

கடைசியாக, மேலமாசி வீதி ஸ்டேஷனரிக் கடை அண்ணாச்சிக்கு. இந்த வயதில் இந்த அம்மாவுக்கு எதற்கு வாரம் ஒரு டப்பா கிரேயான் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. கறுப்பு மட்டும் தனியாக வேண்டும் என்றபோது, நாலு டப்பாவைப் பிரித்து எடுத்துக் கொடுத்தீர்கள். நோட்டில் என் கணக்கில் இன்னும் நூற்றுப் பத்து ரூபாய் நிற்கிறது. வருகிற சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டீச்சர்,
மதுரை.