கொங்க் ஊர்க்காரர்களுக்கு நன்றி

அன்புள்ள கொங்க் மக்களுக்கு,

வணக்கம். போன செப்டம்பரில், கொட்டும் மழையில், இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு உங்கள் ஊருக்குள் நொண்டி வந்தவள் நான். பிரான்ஸின் பழைய புனித யாத்திரைப் பாதையில், லெ புய் நகரில் கிளம்பி சுமார் 200 கிலோமீட்டர் நடந்தாயிற்று. ஊருக்கு இறங்கும் கடைசிச் சரிவில், ஈரப் பாறையில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. எனக்குப் பிரெஞ்சு அரைகுறை. அன்று சொல்ல முடியாததை இப்போது தமிழில் எழுதுகிறேன். என் அக்கா மகள் பிரெஞ்சில் எழுதி உங்களுக்கு அனுப்புவாள்.

முதல் நன்றி, தோள் கொடுத்த இருவருக்கு. என்னைத் தாங்கிக்கொண்டு பையையும் தூக்க அவர்களால் முடியவில்லை. அதனால் பை மேலேயே ஒரு செஸ்நட் மரத்தடியில் நின்றுவிட்டது. பாஸ்போர்ட், பணம், அப்பாவின் கைக்கடிகாரம் எல்லாம் அதில்தான். அன்றிரவு மடத்து விடுதியில் எனக்குத் தூக்கமே இல்லை.

காலையில் ஒரு பெரியவர் பையோடு வந்தார். விடியும் முன்பே ஏறிப்போய் எடுத்து வந்திருக்கிறார். ஒரு ஜிப்பைக்கூடத் திறக்கவில்லை. ஆனால் வாரில் ஒட்டியிருந்த சேற்றை மட்டும் துடைத்திருந்தார். ஐயா, அந்த ஈரத்துணி அப்போதும் உங்கள் கையில் இருந்தது, பார்த்தேன்.

விடுதியில் கஞ்சி மாதிரி சூப் காய்ச்சிக் கொடுத்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். "இந்த ஊரில் அது பழக்கம்" என்றார். பிரெஞ்சுப் புரட்சியின்போது கோயில் பொக்கிஷம் பறிபோய்விடும் என்று ஊரார் அதைப் பங்கு போட்டு எடுத்துப்போய், செஸ்நட் உலர்த்தும் கொட்டகைகளிலும் தோட்டங்களிலும் ஒளித்தார்களாம். ஆபத்து நீங்கியதும் திருப்பிக் கொடுத்தார்களாம். கோயிலுக்குப் பெயர் தந்த புனித ஃபுவாவின் ஆயிரம் வருஷப் பழமையுள்ள தங்கச்சிலை இன்றும் அங்கேயே இருக்கிறதே! அதன் முன்னால் நின்றபோது எனக்குச் சிலையைவிட, அதை வீட்டில் ஒளித்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்த குடும்பங்கள்தான் நினைவில் நின்றன.

அப்புறம், அந்த நாற்காலி. இரவுப் பிரார்த்தனை முடிந்ததும் துறவி ஒருவர் கோயில் வாசலில் நின்று, அதன் மேலே செதுக்கிய 12ஆம் நூற்றாண்டுத் தீர்ப்பு நாள் சிற்பத்தை விளக்குவார். என்னால் நிற்க முடியாது என்று பார்த்த ஒரு பெண், எதிர் வீட்டுச் சமையலறையிலிருந்து வைக்கோல் பின்னிய நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்து அண்ணாந்து பார்த்ததால்தான், வளைவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்க்கும் குட்டி முகங்கள் என் கண்ணில் பட்டன. மறுநாள் மாலை அதே நாற்காலியைக் கோயிலுக்குள் போட்டுத் தந்தார். ஓவியர் சூலாஜ் 1994இல் அமைத்துக் கொடுத்த 104 ஜன்னல்களிலும் துளி வர்ணம் கிடையாது. ஆனாலும் வெயில் சாயச் சாயக் கண்ணாடி சூடேறின மாதிரி மஞ்சளாகிக்கொண்டே வந்தது. எழுந்து வர மனசில்லை.

ஊரை விட்டு நடந்து போகிறவர்கள் எதிர்ச் சரிவில் உள்ள சிறு கோயிலில் மணி அடித்துவிட்டுப் போவார்கள். நான் இருந்த நான்கு நாளும் படுக்கையிலிருந்தே அதைக் கேட்டேன். ஐந்தாம் நாள் கீழே சாலையிலிருந்து காரில் கிளம்பிவிட்டேன். கால் இப்போது சரியாகிவிட்டது. வரும் மே மாதம் வருகிறேன். என் மணி பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
பையைத் திரும்பப் பெற்றவள்