பாட்டிலைக் கொண்டு வராதே, மல்லிகா

கோத்தகிரி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. ஹெத்தை பண்டிகைக்கு வருகிறாய் என்று படித்ததுமே வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. ஆனால் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில், "உன் பூனை சீனுவின் பயத்துக்கு ஒரு பாட்டில் சிபிடி எண்ணெய், கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பது, வாங்கி வைத்திருக்கிறேன், பெட்டியில் போட்டுக் கொண்டு வருகிறேன்" என்று எழுதியிருக்கிறாய் பார், அதற்குத்தான் அவசரமாக இந்தப் பதில். கொண்டு வராதேடி.

கஞ்சா என்ற பேரைக் கேட்டு மிரண்டுவிட்டேன் என்று நினைக்காதே. போதை ஏற்றுவது டிஹெச்சி, சிபிடி அந்தச் செடியிலேயே இருக்கிற வேறொரு பொருள், அதனால் போதை வராது, அதெல்லாம் எனக்கும் தெரியும். அதிலிருந்து செய்த ஒரு மருந்தை 2018-ல் உங்கள் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏவே குழந்தைகளுக்கு வரும் மோசமான வலிப்புக்கு அனுமதித்திருக்கிறது. மிருகங்களுக்கு அப்படி அனுமதி வாங்கிய சிபிடி சரக்கு எதுவும் இல்லை, டென்வரில் கடைக்குக் கடை அடுக்கி வைத்திருந்தாலும். அப்புறம் சட்டம். 1985-ஆம் வருட போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாப் பூவும் பிசினும் குற்றம், பூ சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. அந்தச் சந்தில்தான் இங்கே விஜயா (கஞ்சாவுக்கு ஆயுர்வேதப் பேர்) இலைச்சாறு என்று ஆயுர்வேத உரிமத்தோடு சிலர் விற்கிறார்கள். உங்கள் ஊர் எண்ணெய் பெரும்பாலும் பூவிலிருந்து எடுப்பது. கோவை ஏர்போர்ட்டில் சுங்கத்துக்காரரிடம் "சார், இது பூனைக்கு" என்று நீ விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது, அவருக்கு வராது.

சீனுவுக்கு என்ன ஆச்சு என்று முழுசாக எழுதவே இல்லை, அதனால்தான் உனக்கும் வெறும் பயம் என்று பட்டிருக்கும். பக்கத்துக் காலி இடத்தில் காட்டேஜ் கட்டுகிறார்கள். காலையிலிருந்து பாறை உடைக்கிற சத்தம், அது நின்றால் தகரக் கூரை மேல் குரங்குகள், போதாததற்கு எங்கிருந்தோ ஒரு முரட்டுக் கடுவன் பூனை வந்து கூடத்து ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து இவனையே முறைக்கிறது. இவன் பீரோவுக்குப் பின்னால் போய் ஒடுங்கிவிடுவான். வயிற்று முடியை நக்கி நக்கி இளஞ்சிவப்பாகத் தோல் தெரிய ஆரம்பித்தது. என் கட்டிலில் மூத்திரம் போனான். பிறகு ஒரு நாள் மண் தொட்டியில் குந்தி முக்குகிறான், எழுந்து நாலடி நடந்து மறுபடி குந்துகிறான், சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, வந்ததில் லேசாகச் சிவப்பு. அதைப் பார்த்த பிறகு பொறுக்க முடியவில்லை, குன்னூர் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். உடனே கொண்டு வாருங்கள் என்றார். ஆண் பூனைக்கு நீர்ப்பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடுமாம். நல்லவேளை, அடைப்பு இல்லை. சோதித்ததில் கல்லும் இல்லை, கிருமியும் இல்லை. மன அழுத்தத்தால் பூனைகளுக்கு நீர்ப்பை வீங்கிப் புண்ணாகிற கோளாறு ஒன்று உண்டு, இது அதுதான் என்றார். யோசித்துப் பார், அன்றைக்கு உன் பாட்டில் என் கையில் இருந்திருந்தால் நாலு சொட்டு விட்டுவிட்டு, பிள்ளை அமைதியாகத் தூங்குகிறான் என்று சும்மா இருந்திருப்பேனா இல்லையா?

சிபிடி பற்றி அவரிடமே கேட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். 2019-ல் வந்த ஓர் ஆராய்ச்சியில் 8 நாய், 8 பூனை, எல்லாம் ஆரோக்கியமானவை, கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை 12 வாரம் கொடுத்திருக்கிறார்கள். ஒரே கணக்கில் கொடுத்தும் பூனையின் ரத்தத்தில் ஏறியது நாயில் ஏறியதில் ஏழில் ஒரு பங்குதான். பூனைகள் மருந்து வாங்கும்போது தலையை உதறுவதும் நக்குவதுமாக இருந்திருக்கின்றன, ஒன்றுக்குக் கல்லீரல் என்சைம் ஏறி அப்படியே நின்றிருக்கிறது. மொத்தத்தில் பெரிய கெடுதல் இல்லை என்றுதான் அந்த ஆராய்ச்சி முடிகிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கெடுதல் இல்லை என்பது வேறு, பயம் போகும் என்பது வேறு இல்லையா? பயத்துக்கென்று நாய்களிடம் பார்த்திருக்கிறார்கள். 2020-ல் கென்டக்கியில் வெடிச்சத்தத்தை ஒலிக்கவிட்டு, சிபிடி பிஸ்கட் தின்ற நாய்களின் பயம் குறைகிறதா என்று பார்த்ததில், குறையவில்லை.

இன்னொன்று, பாட்டிலில் எழுதியிருப்பது பாட்டிலுக்குள் இருக்கிறதா என்பது. 2017-ல் அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சிபிடி சரக்கை வாங்கிச் சோதித்தார்கள், மனிதர்களுக்கான சரக்குதான். லேபிள் சரியாக இருந்தது 26-ல் மட்டும். 18-ல் டிஹெச்சி இருந்திருக்கிறது. நாலு கிலோ பூனைக்கு அது கொஞ்சம் போனாலே தள்ளாட்டம், எச்சில் வடிதல், கண்பாவை விரிந்துபோவது எல்லாம் வரும். என் தங்கை மகன் வேறு, இங்கேயே கிடைக்குதே பெரியம்மா என்று போனில் ஒன்றைக் காட்டினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தால் ஹெம்ப் (போதை ஏறாத கஞ்சா ரகம்) விதை எண்ணெய். விதை எண்ணெயில் சிபிடி ஏதோ பேருக்குத்தான் இருக்கும். தாளிக்கலாம், அவ்வளவுதான்.

பூனையின் கல்லீரலே ஒரு தனி ரகம் மல்லிகா. நமக்கு எளிதாக உடைந்து வெளியேறுகிற பல பொருள்களை அதனால் உடைக்க முடியாது. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நாம் சின்ன வயதிலிருந்து மூக்கிலும் மாரிலும் தேய்த்து வளர்ந்த நீலகிரித் தைலம் இருக்கிறதே, அதுவும் பூனைக்கு விஷம். ஊட்டிக் கடைகளில் அதன் பக்கத்திலேயே விற்கிற விண்டர்கிரீன் தைலமும் அப்படியே, ஆஸ்பிரின் வகையறா. தரை துடைக்கிற ஃபினாயிலும் ஆகாது, ஈரக்காலோடு நடந்து அப்புறம் காலை நக்குமே. உன் பாட்டிலில் வாசனைக்குப் புதினா எண்ணெய் சேர்த்திருக்கிறதா என்று ஒரு தரம் பார், நீ அதே எண்ணெயைக் கொடுக்கிற உன் செல்லம் பெப்பருக்காகவாவது.

பெப்பர் ஜூலை நாலாம் தேதி வெடிக்கெல்லாம் இப்போது கலங்குவதே இல்லை என்று எழுதியிருந்தாய். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மருந்து கொடுத்தது பெப்பருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். பார்க்கிற கண் உன்னுடையதுதானே. டாக்டரம்மா சீனுவுக்கு எழுதிக் கொடுத்தது கேபாபென்டின், நம் பெரியப்பாவுக்கு நரம்பு வலிக்குக் கொடுத்தார்களே அதுதான், அளவு மட்டும் பூனைக்கு. 2017-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 20 பூனைகளுக்கு ஒரு தடவை இதையும் ஒரு தடவை வெற்று மாத்திரையையும் கொடுத்து, எது எப்போது என்று வளர்ப்பவர்களுக்கே சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். இது கொடுத்த நாளில்தான் பதற்றம் குறைந்திருந்தது. உன் எண்ணெய்க்கும் யாராவது இப்படிப் பூனைகளை வைத்து நன்றாகச் செய்து காட்டட்டும், முதல் ஆளாக நானே உன்னிடம் கேட்பேன்.

மாத்திரையைப் பிரித்து மத்திக் குழம்புத் தண்ணியில் (உப்பு காரம் போடாதது, பயப்படாதே) கலந்து கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வைக்கிறேன். முன்பெல்லாம் கட்டபெட்டு தாண்டுவதற்குள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடும், கூடை முழுக்க எச்சில். இப்போது துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வருகிறான். திரும்பி வந்தால் அன்று முழுக்கக் கால் கொஞ்சம் தடுமாறும், உயரத்தில் ஏற விடுவதில்லை.

அது பயணத்துக்கு மட்டும்தான். வீட்டில் பார்த்தால் மருந்தைவிட ஜன்னல் வேலைதான் அதிகம் கேட்டது என்று சொல்லுவேன். கீழ்க்கண்ணாடி இரண்டுக்கும் பால் நிறத் தாள் ஒட்டினோம், கடுவன் உட்கார்ந்தாலும் இவனுக்குத் தெரிவதில்லை. மண் தொட்டியை ஒன்றிலிருந்து இரண்டாக்கி ஒன்றைச் சத்தம் கேட்காத பின்னறையில் வைத்தோம். இவர் பழைய தேயிலைப் பெட்டியை அறுத்துப் பரண் மேல் பொருத்தி உள்ளே என் கம்பளிச் சட்டையைப் போட்டார், வெடி வைக்கிற நேரம் தெரிந்ததுபோல் முன்னாடியே போய் ஏறிக்கொள்கிறான். காட்டேஜ்காரரிடம் போய், பாறை உடைப்பது எந்த நேரம் என்று முந்தின நாளே சொல்லுங்கள் என்று கேட்டேன். பூனைக்காகவா என்று ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் சொல்லி அனுப்புகிறார். வயிற்றில் முடி வளர ஆரம்பித்திருக்கிறது. கட்டிலில் போவது நின்றுவிட்டது, புது ஆள் யாராவது வந்து தங்கினால் மட்டும் ஒரு நாள் சந்தேகம்தான், ஆகவே நீ வரும்போது உன் கம்பளியைக் கீழே போட்டு வைக்காதே.

மற்றபடி பச்சைத் தேயிலை விலை பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. டானிங்டன் பக்கம் கரடி மறுபடி வந்து பேக்கரி ஷட்டரைப் பிய்த்துப் போட்டதாம், எண்ணெய் வாசனை. அத்தைக்கு முட்டி வலி அப்படியேதான், ஆனால் நாக்கு முன்னைவிடக் கூர்.

ஏதாவது கொண்டு வந்தே ஆக வேண்டும் என்றால், ஃபெலிவே ஸ்ப்ரே ஒன்று வாங்கி வா. பூனை கன்னத்தை உரசும்போது விடுகிற வாசனையைச் செயற்கையாகச் செய்தது, கூடைக்குள் அடித்து வைத்துப் பார்க்கச் சொன்னார், சிலதுக்குக் கேட்கும் சிலதுக்குக் கேட்காதாம். சுவரில் செருகுகிற மாதிரி வேண்டாம், உங்கள் ஊர் கரண்டும் பிளக்கும் இங்கே ஒத்துவராது. கோவையில் எத்தனை மணிக்கு இறங்குகிறாய் என்று எழுது. மேட்டுப்பாளையத்துக்குக் கார் அனுப்பச் சொல்கிறேன். ஜனவரிப் பனி இந்தத் தடவை முன்னாடியே வரும்போல் இருக்கிறது, காலுறை நிறைய எடுத்துக்கொள்.

அன்புடன்,
உன் ராஜி