விலை சொல்லாமல் நடந்த வைத்தியம்: பொன்னியின் பில் பற்றி ஒரு புகார்

அனுப்புநர்:
பொன்னியின் வீட்டுக்காரி,
பெரம்பூர், சென்னை.
(பெயரும் கைபேசி எண்ணும் உங்கள் கோப்பில் இருக்கின்றன.)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
செல்லப்பிராணி மருத்துவமனைத் தலைமை அலுவலகம்,
சென்னை.

பொருள்: செலவு மதிப்பீடு தராமல் சிகிச்சை அளித்தது, கூடுதலாக வாங்கிய தொகை, ரத்தப் பரிசோதனை அறிக்கைகளைத் தர மறுத்தது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த மாதம் 9ஆம் தேதி இரவு 9.40 மணிக்கு எங்கள் நாய் பொன்னியை உங்கள் மருத்துவமனையில் சேர்த்தேன். 11ஆம் தேதி காலை 11 மணிக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். இடையில் 37 மணி நேரம். பில் 38,740 ரூபாய்.

வைத்தியத்தில் எனக்குக் குறை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று இரவுப் பணியில் இருந்த இளம் பெண் டாக்டர் பொன்னியை அதட்டாமல், அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, முன்னங்கால் முடியை மழித்து நரம்பு தேடி ஊசி போட்டார். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். என் புகார் பணத்தைப் பற்றியது. அதைவிட, பணத்தைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் எனக்குப் பதில் சொல்லாததைப் பற்றியது.

பொன்னிக்கு ஆறு வயது. நாட்டு நாய், 18 கிலோ. இரண்டு நாளாகச் சோறு தொடவில்லை. வெயிலுக்குச் சுணங்குகிறாள் என்று நினைத்து மோர்சாதம் வைத்துப் பார்த்தேன். அன்று சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு வாசலுக்கு வந்தால், கோலமாவு டப்பா பக்கத்தில் தரையில் இரண்டு சொட்டு ரத்தம். அவள் மூக்கிலிருந்து வந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். எப்போதும் ரோஜா நிறத்தில் இருக்கும் ஈறு, ஊறவைத்த அவல் மாதிரி வெளுத்திருந்தது. கால் விரல் இடுக்கில் மிளகு அளவுக்கு ஓர் உண்ணி. உண்ணி மாத்திரை போட வேண்டிய தேதி தாண்டி ஐந்து வாரம் ஆகியிருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணம் வந்த மாதம் அது, மாத்திரையைத் தள்ளிப்போட்டேன். அது என் தவறு.

பன்னிரண்டு வருடம் எங்கள் தெருவிலேயே ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார். அவர் வயதாகி கிளினிக்கை மூடிவிட்டார். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, "இது இன்னைக்கே செய்யணும், இது நாளைக்குப் பாத்துக்கலாம், இது உங்களுக்கு முடிஞ்சா" என்று மூன்று வரி எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ரூபாயைப் போடுவார். பிறகு தான் ஊசியை எடுப்பார். அவரிடம் நான் எந்த ஊசிக்கும் பேரம் பேசியதில்லை. அவர் போன பிறகு யாரிடம் போவது என்று தெரியாமல், இரவு முழுவதும் திறந்திருக்கும், ஸ்கேனும் லேபும் அங்கேயே இருக்கும் என்ற காரணத்தால் உங்களைத் தேர்ந்தெடுத்தேன். தொலைபேசியில் கேட்டபோது, "கன்சல்டேஷன் 600 ரூபாய் மேடம், வாங்க" என்றார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் 1,500 ரூபாய் தனிக் கட்டணம் உண்டு என்பதை நான் பில்லில் தான் படித்தேன்.

வந்ததும் கவுண்ட்டரில் 15,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்டார்கள். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "ட்ரீட்மென்ட்டைப் பொறுத்து மேடம்." சரி, குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று கேட்டேன். அதற்கும் அதே பதில். எந்தெந்தப் பரிசோதனை இன்றிரவே அவசியம், எதைக் காலையில் செய்யலாம் என்று மூன்றாவதாகக் கேட்டேன். அதற்குக் கவுண்ட்டரில் இருந்த தம்பி சொன்னது: "உங்க குழந்தையா இருந்தா இப்படிக் கேப்பீங்களா மேடம்?"

கேட்பேன். என் மகளை மருத்துவமனையில் சேர்த்தபோதும் கேட்டேன், பதிலும் சொன்னார்கள். நான் தையல் வேலை செய்பவள். ஒரு பிளவுஸ் தைக்க வருபவரிடம் கூட லைனிங்குக்கு இவ்வளவு, கூலி இவ்வளவு என்று சொல்லிவிட்டுத்தான் துணியில் கத்தரி வைக்கிறேன். மேசையில் நாய் படுத்திருக்கும்போது, எதிரில் நிற்பவளின் பாசத்தைச் சந்தேகிப்பது போல ஒரு வார்த்தை சொன்னால் அதற்குமேல் அவள் வாய் திறக்க மாட்டாள். நானும் திறக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை வளையலை அடகு வைத்தேன்.

நான் காத்திருந்த நேரத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் வந்தார். அரிசிப் பையை விரித்து அதில் மூன்று மாதக் குட்டி ஒன்றைத் தூக்கி வந்திருந்தார். ரத்தக் கழிச்சல். அந்த வாடையிலேயே பார்வோவாக, அதாவது குட்டிகளைக் கொல்லும் அந்த வைரஸ் நோயாக இருக்குமோ என்று எனக்குப் பயம் வந்தது, முன்பு ஒரு குட்டியை அதில் இழந்திருக்கிறேன். அவரும் அதையே கேட்டார்: "எவ்வளவு ஆவும் சார்?" அதே பதில், அதே 15,000 அட்வான்ஸ். சட்டைப்பையிலிருந்த பணத்தை எடுத்து எண்ணினார், திரும்ப வைத்துக்கொண்டார். "இன்னா அக்கா பண்றது?" என்று என்னைக் கேட்டார். விடிந்ததும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள் என்று சொன்னேன். பைக்குள் குட்டி அசையாமல் கிடந்தது. பார்வோவில் உடம்பில் நீர் வற்றுவதுதான் முதலில் கொல்லும். அன்றிரவுக்கு ஒரு சலைனும் ஓர் ஊசியும் மட்டும் போட என்ன ஆகும் என்று அவருக்கு ஒரு தொகை சொல்லியிருந்தால், அதை அவர் கட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

இனி பில்லுக்கு வருகிறேன். அல்ட்ராசவுண்ட் 2,500 ரூபாய்: பொன்னிக்கு வந்த உண்ணிக் காய்ச்சலில் மண்ணீரல் வீங்கும், அதைப் பார்த்தது சரி. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் 32,000க்கு இறங்கியிருந்தன, இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியவை, அதனால் ரத்த எண்ணிக்கையைத் தினமும் பார்த்ததும் சரி. மூன்று இடங்களைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலாவது, உண்ணிக் காய்ச்சலுக்குக் காரணமான எர்லிகியா கிருமிக்கான கிட் பரிசோதனை. 9ஆம் தேதி ஒரு முறை, 11ஆம் தேதி ஒரு முறை, ஒவ்வொன்றும் 2,400 ரூபாய். இரண்டாவது எதற்கு என்று கேட்டதற்கு "மருந்து வேலை செய்யுதான்னு பாக்க" என்றார்கள். அந்தக் கிட் பார்ப்பது கிருமியை அல்ல, கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. நாய் குணமான பிறகும் அந்த எதிர்ப்பொருள் பல மாதம் ரத்தத்தில் இருக்கும். மூன்றாம் நாளில் அது மறையாது. மருந்து வேலை செய்கிறதா என்பதை ஏறும் தட்டணுக்களும் இறங்கும் காய்ச்சலும் சொல்லிவிடும், அந்தக் கணக்கை ஏற்கெனவே எடுத்து அதற்கும் பணம் வாங்கியிருக்கிறீர்கள்.

இரண்டாவது, வார்டு கட்டணம். ஒரு நாளைக்கு 2,500 வீதம் மூன்று நாள், 7,500. பொன்னி இருந்தது இரண்டு இரவு. நள்ளிரவு பன்னிரண்டு தாண்டினால் புது நாள் என்று கணக்கு வைத்ததாகச் சொன்னார்கள். சேர்க்கும்போது கையெழுத்து வாங்கிய தாளில் அப்படி ஒரு வரி இல்லை. அந்தத் தாளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, "கன்ஸ்யூமபிள்ஸ்" என்று ஒரே வரியில் 4,160 ரூபாய். என்ன பொருள், எத்தனை, எந்த விலை என்று ஒன்றும் இல்லை.

மருந்தையும் சொல்ல வேண்டும். டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் மாலையும், 28 நாள். மொத்தம் 56 மாத்திரை. உங்கள் மருந்துக் கவுண்ட்டரில் ஒரு மாத்திரை 48 ரூபாய் வீதம் 2,688 ரூபாய் போட்டிருந்தார்கள். வெளியே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "எங்க பிராண்டு தான் நாய்க்கு ஒத்துக்கும்" என்று கவுண்ட்டரில் சொன்னார்கள். டாக்டரிடம் போய்க் கேட்டேன், "அதே மருந்து, அதே அளவு இருந்தா எங்க வேணா வாங்கலாம், சாப்பாட்டோட கொடுங்க, இல்லேன்னா வாந்தி எடுக்கும்" என்றார். எங்கள் தெரு மருந்துக்கடையில் அந்த விலையில் ஐந்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. டாக்டரைத் தேடிப் போய்க் கேட்காதவர்கள் எத்தனை பேர் அந்த 2,688ஐக் கட்டியிருப்பார்கள் என்று எனக்கு அன்றிலிருந்து உறுத்துகிறது.

வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள் பொன்னியை வேப்பேரிக்குக் கொண்டு போனேன். 1903இல் தொடங்கிய கல்லூரி அது. முதலிலேயே அங்கே போகாததற்குக் காரணம், கூட்டம் இருக்கும், வரிசையில் நிற்க வேண்டும் என்ற எண்ணம். வரிசை இருந்தது, நின்றேன். பெரிய டாக்டர் மாணவர்களைக் கூப்பிட்டு ஈறைக் காட்டினார், வயிற்றுத் தோலில் இருந்த ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகளைக் காட்டினார். பிறகு என்னிடம், "முதல் ரெண்டு நாள் ரத்த ரிப்போர்ட் எங்கம்மா?" என்றார். என்னிடம் இல்லை. உங்களிடம் கேட்டபோது ஆப்பில் வரும் என்றீர்கள். ஆப்பில் பில் மட்டும் வந்தது. மீண்டும் கேட்டபோது அறிக்கையை வெளியே தருவதில்லை, அது நிறுவனத்தின் விதி என்றார்கள். நான் பணம் கட்டி எடுத்த ரத்தம் அது. அந்த எண்கள் இல்லாததால் வேப்பேரியில் மறுபடியும் ஊசி குத்த வேண்டியிருந்தது, தட்டணுக்கள் குறைவாக இருந்த நாய்க்கு. குத்திய இடத்தைப் பஞ்சு வைத்து வெகுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன், ரத்தம் நிற்கவில்லை.

உங்கள் மருந்துச் சீட்டில் டாக்டரின் பெயரோ பதிவு எண்ணோ இல்லை, நிறுவனத்தின் சின்னம் மட்டும் பெரிதாக இருக்கிறது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி பதிவு செய்தவர்கள்தான் கால்நடை வைத்தியம் செய்யலாம். யார் பார்த்தார் என்பது நாயை வளர்ப்பவருக்குத் தெரிய வேண்டும். நல்ல டாக்டரென்றால் மறுபடியும் அவரைக் கேட்டு வருவதற்காகவாவது தெரிய வேண்டும்.

நான் கேட்பது இவை. இரண்டாவது கிட் பரிசோதனைக்கு வாங்கிய 2,400, மூன்றாம் நாள் வார்டுக்கு வாங்கிய 2,500, ஆக 4,900 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். 4,160 ரூபாய்க்குப் பொருள்வாரியாகக் கணக்கு அனுப்புங்கள், கணக்கு சரியாக இருந்தால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். 9, 10, 11 தேதிகளின் ரத்த அறிக்கைகளையும் ஸ்கேன் படத்தையும், பார்த்த டாக்டர்களின் பெயர், பதிவு எண்ணோடு அனுப்புங்கள்.

என் பணத்தைவிட முக்கியமாக இன்னொன்று கேட்கிறேன். நாயைச் சேர்க்கும் முன்பே ஒரு தாளில் இன்றிரவுக்கு எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு, எது கட்டாயம், எது தள்ளிப்போடக் கூடியது என்று எழுதிக் கொடுங்கள். பிறகு கூடினால் கூடட்டும், போன் செய்து சொல்லுங்கள். இரவுக் கட்டணத்தைக் கவுண்ட்டரில் எழுதி ஒட்டுங்கள். எவ்வளவு ஆகுமோ என்ற பயத்தில்தான் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் நாயை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, மனிதர்களுக்கான காய்ச்சல் மாத்திரையையும் வலி மாத்திரையையும் பொடித்துப் போடுகிறார்கள். நாய்க்குச் சிறுநீரகமும் ஈரலும் போன பிறகு தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அப்போது செலவு இன்னும் பெரிதாகிறது, பல நேரம் நாயும் பிழைப்பதில்லை.

வாங்கும் சேவையின் விலையைத் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன், அதன்பிறகு மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த அளவுக்குப் போக எனக்கு ஆசை இல்லை. இரவு இரண்டு மணிக்கு நாய்க்கு மூச்சு முட்டினால் கதவு திறந்திருக்கும் ஓர் இடம் எங்கள் பகுதிக்கு வேண்டும், அது உங்கள் இடமாகவே இருக்கட்டும்.

பொன்னிக்குப் போன வாரத்தோடு மாத்திரை முடிந்தது. வேப்பேரியில் கடைசியாகப் பார்த்தபோது தட்டணுக்கள் 1,90,000. சோறு சாப்பிடுகிறாள். இந்த மாதம் 20ஆம் தேதி மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பணத்துக்கான பதில் 15 நாள் எடுத்துக்கொண்டாலும், அந்த மூன்று நாள் அறிக்கைகளை மட்டும் 20ஆம் தேதிக்கு முன்பே கோப்பில் உள்ள என் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
பொன்னியின் வீட்டுக்காரி

இணைப்பு: பில் நகல், சேர்க்கையின்போது கையெழுத்திட்ட தாளின் படம், மருந்துச் சீட்டு நகல்.