மீற்றரின் சிவப்பு விளக்கு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வவுனியாவுக்கே மாற்றம் கிடைத்த செய்தியை மனுசிக்கு வாசித்துக் காட்டினேன். பெரிய சந்தோசம் அவளுக்கு. இங்கே எல்லோரும் சுகம். மழை இன்னும் பிடிக்கவில்லை, கிணற்றில் தண்ணீர் அடியில்தான் கிடக்கிறது.

கரண்ட் பில் ஏறிக்கொண்டே போகிறது, எதனால் என்று பிடிபடவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் உனக்கு ஆறுதலாக எழுத வேண்டும் என்று இருந்தேன். 2022 ஆவணியில் கட்டணத்தைக் கூட்டியதிலிருந்து எங்கள் வீட்டிலும் அதே கதைதான். பில் மாதத்துக்கு ஒரு தொகையைச் சொல்லும், அந்தத் தொகையை எது தின்றது என்று சொல்லாது. அதனால் எல்லோரும் லைற்றை நிப்பாட்டு, ஃபானை நிப்பாட்டு என்று பிள்ளைகளைத்தான் பேசுகிறோம். 9 வாட் பல்ப் ஒன்று இரவில் பத்து மணித்தியாலம் எரிந்தாலும் ஒரு யூனிற் (1000 வாட்மணி) ஓட பதினொரு நாளாகும். பிள்ளைகளைப் பேசிப் பயனில்லை.

இப்போது எங்கள் மீற்றரில் ஒரு சின்ன ஒளி உணரி ஒட்டியிருக்கிறேன். புது மீற்றர்களின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு வெட்டி வெட்டி மின்னும், கவனித்திருப்பாய். அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. எங்கள் மீற்றரில் ஒரு யூனிற்றுக்கு 1600 துடிப்பு என்று முகப்பிலேயே அச்சடித்திருக்கிறது. அப்படியென்றால் ஒவ்வொரு மின்னலும் 0.625 வாட்மணி. இரண்டு மின்னலுக்கு இடையில் எத்தனை செக்கன் என்று பார்த்து 2250ஐ அதால் பிரித்தால், அந்த நிமிடம் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று வந்துவிடும். கிணற்று மோட்டர் ஓடும்போது இரண்டு செக்கனுக்கு ஒருக்கால் மின்னும். கெற்றிலைப் போட்டால் செக்கனுக்கு ஒன்று. பேரன் கெற்றிலின் சுவிச்சைத் தட்டிவிட்டு விறாந்தைக்கு ஓடிவந்து அதைப் பார்த்து நிற்பான்.

செய்த விதத்தைச் சொல்கிறேன். ஒளி பட்டால் தடை குறையும் எல்.டி.ஆர் மலிவுதான், ஆனால் இந்த வேலைக்கு மந்தம். மின்னல் கண் சிமிட்டும் நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒளி பட்டால் உடனே மின்சாரத்தை விடும் போட்டோ டிரான்சிஸ்டர் வாங்கு. அதிலும் கண்ணாடி மாதிரித் தெளிவானதாகப் பார்த்து வாங்கு. கறுப்பு உடம்போடு வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கு மட்டும் செய்தது, மீற்றரின் சிவப்பு ஒளியை அது உள்ளே விடாது. ஒரு காலைக் கிரவுண்டுக்கும் மற்றதை 10 கிலோஓம் றெசிஸ்ரர் ஊடாக 3.3 வோல்ற்றுக்கும் கொடுத்து, இரண்டும் சேருமிடத்திலிருந்து வை-ஃபை உள்ள சின்னக் கணினியான ஈ.எஸ்.பி.8266 போர்டுக்கு ஒரு வயர். வெளிச்சம் பட்டால் அந்த இடத்து மின்னழுத்தம் விழும், போர்டு ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். கணக்கு வை-ஃபையால் ஃபோனுக்கு வந்துவிடும். இவ்வளவும் ஓட ஒரு வாட்டும் போகாது. கரண்ட் நின்றால் எண்ணிக்கை அழியாமல் இருக்க மணிக்கொருதரம் நினைவகத்தில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மீற்றரும் அந்த நேரம் நிற்பதால் கணக்குப் பெரிதாகப் பிசகாது.

இதில் கவனிக்க வேண்டியது வெயில். எங்கள் மீற்றர் கிழக்குப் பார்த்த சுவரில் இருக்கிறது. காலை வெயில் நேரே விழுந்தால் உணரிக்கு மின்னல் எது, வெயில் எது என்று தெரியாது. பேனா மூடியின் நுனியை வெட்டி அதற்குள் டிரான்சிஸ்டரை வைத்து, சைக்கிள் ரியூபில் வட்டமாக ஒரு துண்டு நறுக்கி அடியில் கொடுத்து, விளக்குக்கு நேரே அமர்த்தி, மேலே கறுப்பு ரேப் சுற்றியிருக்கிறேன். எல்லாம் வெளியிலிருந்து ஒட்டியதுதான். சீலைத் தொடவும் இல்லை, 230 வோல்ற் வயர் எதிலும் கை வைக்கவும் இல்லை. எனக்கு இந்த முறை பிடித்ததே அதனால்தான். நீயும் சீல் பக்கமே போகாதே, மீற்றர் மின்சாரம் தருபவர்களின் சொத்து.

இனி அது காட்டியதைக் கேள். இரவு ஒரு மணி, வீடே தூங்குகிறது, ஃபிரிட்ஜ் மோட்டரும் அடங்கிய நேரம். அப்போதும் 56 செக்கனுக்கு ஒரு மின்னல் வருகிறது. அதாவது 40 வாட். டிஷ் பெட்டி, ரூட்டர், கமரா ரெக்கோடர் மூன்றும் சேர்ந்து இழுப்பது. 40 வாட் சின்னத் தொகை என்று நினைப்பாய். மாதம் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட 29 யூனிற். 1990 ஆனியில் சண்டை மூண்டு, கரண்டும் இல்லை, பற்றரியும் தடை என்று இருந்த காலம் உனக்கு மறந்திருக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, செய்தி முடியும் மட்டும் மாறி மாறி பெடலைச் சுற்றி றேடியோ கேட்டோம். அந்த டைனமோ 6 வோல்ற், 3 வாட். யாருக்கும் வேலையில்லாத நேரத்தில் என் வீட்டில் பதின்மூன்று டைனமோ விடிய விடியச் சுற்றுகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றிலிருந்து டிஷ் பெட்டியின் பிளக்கை இரவில் கழற்றிவிடுகிறேன்.

ஆனால் பெரிய தீனிக்காரன் ஃபிரிட்ஜ்தான். ஓடி, நின்று, பிறகு ஓட வேண்டிய சாமான், எங்களுடையது முதலில் 120 வாட்டில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஃபோனில் வரும் கோட்டுப் படத்தில் இரவு முழுக்க ஒரே மட்டம். கதவிடுக்கில் ஒரு கடதாசியை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன், கீழ் மூலையில் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. கதவு றப்பர் காய்ந்து இறுகிப் போயிருந்தது. புது றப்பர் போட்ட பிறகு பாதி நேரம்தான் ஓடுகிறது. அதனால் மட்டும் மாதம் 40 யூனிற் மட்டில் குறையும். மாதம் 180 யூனிற்றைத் தொட்டுக்கொண்டிருந்த பில் இப்போது 140க்குள் நிற்கிறது. 180க்கு மேலேதான் கட்டணம் ஆக உச்சம் என்பது உனக்குத் தெரியும். நீங்கள் இரண்டு பேர்தானே, உங்களுக்கு 60 யூனிற் என்ற எல்லைதான் முக்கியம். அதைத் தாண்டினால் முதல் யூனிற்றிலிருந்தே கணக்கு வேறு.

உன் வீட்டில் இன்னும் சுற்றும் தட்டு மீற்றர்தான் என்று ஞாபகம். அதற்கும் வழி உண்டு. தட்டின் விளிம்பில் கறுப்பிலோ சிவப்பிலோ ஒரு அடையாளம் இருக்கும். கறுப்பு என்றால், அகச்சிவப்பை அனுப்பி, திரும்பி வருவதைப் பார்க்கும் டி.சி.ஆர்.டி.5000 உணரியை முன்னே வைத்தால், அடையாளம் கடக்கும்போது திரும்பும் ஒளி குறையும். கண்ணாடியே ஒளியைத் திருப்பிவிடும் என்பதால் கொஞ்சம் சரித்து வைக்க வேண்டும். அடையாளம் சிவப்பு என்றால் அகச்சிவப்பு சரிவராது, பச்சை எல்.ஈ.டி.தான் வேண்டும். தட்டு மெதுவாகச் சுற்றும்போது ஒரே அடையாளத்தை இரண்டாக எண்ணாமல் இருக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் கைக்கடிகாரத்தோடு ஒருக்கால் பார். இரவில் ஃபிரிட்ஜை மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் நிப்பாட்டிவிட்டு, தட்டு ஒரு சுற்றுச் சுற்ற எத்தனை செக்கன் என்று எழுது. யூனிற்றுக்கு எத்தனை சுற்று என்று முகப்பில் இருக்கும். 600 என்றால் 6000ஐ அந்தச் செக்கனால் பிரி, வாட் வந்துவிடும். இரண்டு இலக்கத்தையும், அடையாளத்தின் நிறத்தையும் எனக்கு எழுது. தம்பியின் மகன் மாதக் கடைசியில் வவுனியா வருகிறான். உன் மீற்றருக்கு ஏற்ற உணரியைச் செய்து அவனிடம் கொடுத்துவிடுகிறேன். பொருத்தும்போது ஃபோன் எடு.

மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லு.

அன்புடன்,
குகன்