நாற்காலி காலியாக இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

எங்கள் தெரு 'பகுதி 7'-இல் வருகிறது என்பதும், அந்தப் பகுதிக்கென்று ஒரு பிரதிநிதி இருக்கிறார் என்பதும் எனக்கு ஒரு பொங்கல் வாழ்த்து பேனரைப் பார்த்துத்தான் தெரிந்தது. மேலே தலைவர்கள், நடுவில் கவுன்சிலர், கீழே வரிசையாகப் பன்னிரண்டு பேர். கடைசிக்கு முந்தைய படத்துக்கு அடியில் 'பகுதி சபை உறுப்பினர், பகுதி 7' என்று போட்டிருந்தது. இருபத்தாறு வருடமாக இதே தெருவில் வாக்காளராக இருக்கிறேன். என் சார்பில் வார்டு குழுவில் (வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒருவரைச் சேர்த்து, கவுன்சிலர் தலைமையில் நடக்கும் குழு அது) உட்காருகிறவர் யார் என்று எனக்குச் சொன்னது அந்த ஃபிளெக்ஸ்தான். மாநகராட்சி சொல்லவில்லை.

சரி, எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்போம் எனப் புறப்பட்டேன். வார்டு அலுவலகத்தில் "லிஸ்ட் மண்டலத்துல இருக்கும்மா" என்றார்கள். மண்டல அலுவலகத்தில் "அது மாமன்றத் தீர்மானம், தலைமை அலுவலகத்துல கேளுங்க" என்றார்கள். தலைமை அலுவலகத்தில் யாரைக் கேட்பது என்று கேட்பதற்கே ஆள் தேட வேண்டியிருந்தது. கடைசியில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். முப்பது நாள் கெடு தாண்டி நாற்பத்து நான்காம் நாள் பதில் வந்தது. பத்துப் பெயர்கள், ஒரு தீர்மான எண். பத்தில் மூன்று பேர் கவுன்சிலரின் தெருக்காரர்கள். ஒருவர் வீடு மாறி அடுத்த வார்டுக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. 'இந்த இடங்களுக்கு ஏதாவது அறிவிப்பு வெளியானதா, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எந்த அடிப்படையில் தேர்வு நடந்தது' என்ற என் மூன்று கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே வரிதான் பதில்: மாமன்றத் தீர்மானத்தின்படி நியமிக்கப்பட்டனர்.

எங்கள் ஊரின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. எழுதினால் மற்ற ஊர் கவுன்சிலர்கள் 'நம்ம ஊர் இல்லை' என்று இதை மடித்து வைத்துவிடுவார்கள். திருநெல்வேலியில் இருக்கும் என் தங்கையும் சேலத்தில் இருக்கும் தோழியும் தங்கள் பகுதிப் பிரதிநிதி யார் என்று இன்றுவரை அறியாதவர்கள். ஆகவே 2022 மார்ச்சில் பதவியேற்ற எல்லா மாமன்றங்களுக்கும், அடுத்து வரப்போகிற மாமன்றங்களுக்கும் சேர்த்தே இந்த மடல்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பகுதி 7 பிரதிநிதி நல்ல மனிதர். பேனரைப் பார்த்த பிறகு அவரைத் தேடிப் போனேன். நான்கு மாதமாக எரியாத தெருவிளக்கைப் பற்றிச் சொன்னேன். மூன்றாம் நாள் எரிந்தது. அவர் ஆளுங்கட்சிக்காரர், அதை மறைக்கவும் இல்லை. "கவுன்சிலர் கூப்பிட்டு ஆதார் ஜெராக்ஸ் கேட்டார், கொடுத்தேன், அவ்வளவுதான்" என்றார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அந்த ஜெராக்ஸ் கேட்கப்பட்ட விதத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இந்தக் குழுக்கள் சும்மா வந்துவிடவில்லை. 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 243எஸ் பிரிவு, மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்கிறது. அந்தக் குழுக்களின் அமைப்பையும் எல்லையையும், இடங்களை எப்படி நிரப்புவது என்பதையும் மாநிலங்களிடம் விட்டுவிட்டது. அந்த ஒரு கதவு வழியாகத்தான் எல்லாம் நடந்திருக்கிறது. நம் மாநிலத்தில் ஊர்ப்புறத்துக்குக் கிராம சபை வந்து வேரூன்றிய பிறகும், 2011 கணக்கெடுப்பின்படி கிட்டத்தட்ட பாதிப் பேர் வாழும் நகரங்களுக்கு அப்படி ஒன்று இல்லாமலே வருடங்கள் ஓடின. நடுவில் 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை நகரங்களுக்குக் கவுன்சிலர்களே இல்லை. தனி அலுவலர்கள் ஆண்டார்கள். அதன் பிறகுதான் 2022-இல் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று, தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. நம் தெருவுக்கும் ஒரு கிராம சபை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். வார்டைப் பகுதிகளாகப் பிரிக்கிறீர்கள். பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் பகுதி சபையில் அடக்கம். பகுதிக்கு ஒருவர் வார்டு குழுவுக்குப் போகிறார். கவுன்சிலர் தலைவர். சென்னையில் வார்டுக்குப் பத்துப் பகுதி, 200 வார்டு என்றால் இரண்டாயிரம் பேர். யோசித்துப் பாருங்கள், 200 கவுன்சிலர்கள் இருக்கிற நகரத்தில் அதைப்போலப் பத்து மடங்கு பிரதிநிதிகள். அவ்வளவு பேரும் மாமன்றத்தின் நியமனத்தில் வருகிறவர்கள். வாக்குச்சீட்டு கிடையாது, மனு கிடையாது. மாமன்றம் நியமிக்கிறது என்றால் நடைமுறையில் அந்தந்த வார்டு கவுன்சிலர் கொடுக்கும் பட்டியல் அப்படியே போகிறது. அதில் பத்துப் பெயர் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதற்குக்கூட நேரம் இருக்காது. எழுபது எண்பது பொருள்கள் உள்ள கூட்டத்தில் 'ஆல் பாஸ்' என்ற இரண்டு சொல்லில் அத்தனை பேரும் பிரதிநிதி ஆகிவிடுகிறார்கள்.

கவுன்சிலர் தனக்குத் தெரிந்தவரைத்தானே போடுவார் என்று கேட்பீர்கள். போடட்டும். தேர்தலில் ஜெயித்தவருக்குத் தன் ஆட்களோடு வேலை செய்ய ஆசை இருப்பது இயல்பு. வட்டச் செயலாளரும் பூத் ஏஜென்டும் இந்த வார்டின் வாக்காளர்கள்தான், அவர்களுக்கும் வர உரிமை உண்டு. கட்சிக்காரர்களை விலக்குங்கள் என்று நான் கேட்கவே இல்லை. விலக்கினால் கட்சிக்காரரின் மனைவி வருவார், அவ்வளவுதான் வித்தியாசம். நான் கேட்பது இதைவிடச் சின்னது. ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றால், அதை நிரப்புவதற்கு முன்னால் எங்களிடம் சொல்லுங்கள்.

இது புதிய யோசனையும் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நகர மன்றங்கள் பூங்கா, நூலகம், நகரத் திட்டம் என்று ஏகப்பட்ட ஆணையங்களுக்கும் குழுக்களுக்கும் குடிமக்களை நியமிக்கின்றன. 1975-இல் அங்கே மேடி சட்டம் என்று ஒன்று போட்டார்கள். ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 31-க்குள், அடுத்த ஆண்டு எந்தெந்தக் குழுவில் யார் யாருடைய பதவிக்காலம் முடிகிறது, அவர் எப்போது நியமிக்கப்பட்டார், அந்த இடத்துக்கு என்ன தகுதி வேண்டும் என்று ஒரு பட்டியல் வெளியிட வேண்டும். அதன் ஒரு பிரதி அந்த ஊரின் பெரிய பொது நூலகத்துக்குப் போக வேண்டும். நடுவில் யாராவது விலகி இடம் காலியானால் இருபது நாளுக்குள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு, அவசரம் என்றால் ஒழிய, பத்து வேலை நாள் கழியும் வரை நிரந்தரமாக யாரையும் நியமிக்கக் கூடாது. சட்டத்தின் சாரம் இவ்வளவுதான். யாரைப் போட வேண்டும், யாரைப் போடக்கூடாது என்று அது மன்றத்துக்குப் பாடம் எடுக்கவில்லை. மேயருக்கு வேண்டியவர்கள் அங்கேயும் உள்ளே வருவார்கள். ஆனால் வருவதற்கு முன் பத்து நாளாவது அந்த நாற்காலி எல்லோர் கண்ணிலும் படுகிறது.

கலிபோர்னியாவெல்லாம் நமக்கு எதற்கு என்பவர்களுக்கு உத்திரமேரூர் இருக்கிறது. தெரியும், மேடையில் அந்தக் குடவோலைக் கதையைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கு அலுத்திருக்கும், எனக்கும்தான். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 921ஆம் ஆண்டு. அது பெரிய மக்களாட்சி ஒன்றும் இல்லை. நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான ஏற்பாடு. என் பெயரை அந்தக் குடத்துக்குள் போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அது எதற்கான தேர்வு என்பதைப் பேச்சாளர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அது வாரியங்களுக்கான தேர்வு. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம். இன்றைக்கு நாம் குழு என்கிறோமே, அதுதான். முப்பது குடும்புகள் (அந்த ஊரின் வார்டுகள் என்று வையுங்கள்), ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, எல்லோர் முன்னிலையிலும் ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள்.

அந்தக் கல்வெட்டில் எனக்கு மிகவும் பிடித்தது தகுதியின்மைப் பட்டியல்தான். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவன் மட்டுமா? அவனுடைய சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மகன், மாமன் மகன், மைத்துனன், மாமனார், மருமகன் என்று உறவுமுறை ஒவ்வொன்றாக எழுதி, இவர்கள் யாருடைய பெயரும் குடத்துக்குள் போகக் கூடாது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. மைத்துனனுக்கும் இடமில்லை என்று கல்லில் வெட்டும் அளவுக்கு அந்த ஊர் மைத்துனர்கள் ஏதோ செய்திருக்க வேண்டும்.

தூரத்துக்கும் பழைய காலத்துக்கும் போக வேண்டாம் என்றால், நம் கையிலேயே இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அவர்களை வியாபாரிகளே தேர்ந்தெடுக்க வேண்டும். தள்ளுவண்டியில் பூ விற்கிறவர் தன் பிரதிநிதிக்கு வாக்களிக்கலாம். அதே பூவை வாங்குகிற நான் என் பகுதிப் பிரதிநிதியைப் பேனரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். 2025-இல் மாற்றுத்திறனாளிகளை நகர்ப்புற மன்றங்களில் நியமன உறுப்பினர் ஆக்கச் சட்டம் திருத்தினார்கள். அப்போது விண்ணப்பம் கேட்டுப் பொது அறிவிப்பு வந்தது, கடைசித் தேதி போட்டிருந்தது. எங்கள் பக்கத்துத் தெரு இளைஞர் ஒருவர் விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. ஆனாலும் 'நான் கேட்டேன், கொடுக்கவில்லை' என்று சொல்லிக்கொள்ள அவரிடம் ஒரு தாள் இருக்கிறது. பகுதி சபைக்கு என்னிடம் அதுகூட இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 4ஆம் பிரிவில், ஆலோசனைக்காக அமைக்கப்பட்ட குழுக்கள் எவை, அவற்றின் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, கூட்டக் குறிப்புகள் கிடைக்குமா என்பதை யாரும் கேட்காமலே ஒவ்வொரு அலுவலகமும் வெளியிட வேண்டும் என்று 2005-லேயே எழுதியிருக்கிறார்கள். நான் செலவழித்த நாற்பத்து நான்கு நாளும் அந்த ஸ்டாம்பும் தேவையே இல்லாதவை.

இதை எங்கள் கவுன்சிலரிடம் நேரில் சொன்னபோது (அவர் பெண், பேசியது அவர் கணவர், அது தனி மடலுக்கான விஷயம்) ஒரு பதில் வந்தது. "அறிவிப்பு ஒட்டினா யாரும்மா வரப் போறா? ரிட்டயர் ஆனவங்க நாலு பேர் வருவாங்க. அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் வரும்." கோபம் வந்தது, ஏனென்றால் நானும் ரிட்டயர் ஆனவள். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது அதில் நியாயம் இருப்பது தெரிந்தது. விண்ணப்பம் என்று வைத்தால் எழுதத் தெரிந்தவர்கள், பகலில் நேரம் இருப்பவர்கள், அலுவலகம் போய்ப் பேசக் கூச்சப்படாதவர்கள்தான் முதலில் வருவார்கள். எங்கள் பகுதி 7-இல் இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்பும், கால்வாய் ஓரம் நூறு நூற்றிருபது குடிசை மாற்று வாரிய வீடுகளும் இருக்கின்றன. மழைத் தண்ணீர் முதலில் நுழைவது அந்த வீடுகளில். குழுவுக்குள் கடைசியாக நுழைவதும் அந்த வீட்டுக்காரர்களாகத்தான் இருக்கும், நுழைந்தால். ஒரு விதத்தில் பார்த்தால் கவுன்சிலரின் பட்டியலில் அந்த வீட்டுக்காரர் ஒருவர் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் ஓட்டு அங்கேதான்.

அதனால்தான் அறிவிப்பை இணையதளத்தில் மட்டும் போட்டுவிட்டுக் கை கழுவ வேண்டாம் என்கிறேன். ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள், அங்கன்வாடியில் ஒட்டுங்கள், குப்பை வண்டியில் பாட்டுப் போடுகிறீர்களே, அதிலேயே இரண்டு நாள் சொல்லுங்கள். மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்: பெயர், தெரு, வாக்காளர் எண், மாமன்ற உறுப்பினர் யாருக்காவது உறவா, மாநகராட்சியில் ஒப்பந்த வேலை எடுத்திருக்கிறாரா. அவ்வளவு போதும். ஒருவருக்கு மேல் வந்தால் பகுதி சபைக் கூட்டத்தில், எல்லோர் எதிரிலும் குலுக்கல். மனு கொடுத்தவர்களின் பட்டியலைத் தீர்மானம் கொண்டுவருவதற்குப் பத்து நாள் முன்னால் வார்டு அலுவலக வாசலில் ஒட்டிவிடுங்கள். வீடு மாறிப் போனவர் யார் என்று நாங்களே சொல்லிவிடுவோம், உங்களுக்கும் வேலை மிச்சம்.

விதியைத் திருத்த அரசு வர வேண்டும், உண்மைதான். ஆனால் நியமிப்பதற்கு முன் அறிவிப்பு ஒட்டக்கூடாது என்று எந்த விதியும் உங்களைத் தடுப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு மாமன்றம், ஒரே ஒரு தீர்மானம் போதும். அதையும் வேண்டுமானால் 'ஆல் பாஸ்' என்றே நிறைவேற்றிக்கொள்ளுங்கள்.

பகுதி 7-க்கான இடம் அடுத்த முறை காலியாகும்போது நான் மனு கொடுப்பேன். இப்போது இருப்பவரும் கொடுக்கட்டும், கால்வாய் ஓரத்துப் பெண்கள் இரண்டு பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். குலுக்கலில் மறுபடி அவர் பெயரே வந்தாலும் சரி, தெருவிளக்கு எரியாவிட்டால் அவரிடமே போவேன்.

இப்படிக்கு,
பகுதி 7-இன் வாக்காளர் ஒருவர்